குறிஞ்சியில் பழகிய கால்கள்

கோடை தொடங்கியதும் சமவெளி மக்கள் மலையை நோக்கி ஏறுகின்றனர். இஃது இன்று நேற்று வந்த வழக்கமன்று. 1819 ஆம் ஆண்டு, கோவை ஆட்சியராக இருந்த ஜான் சலிவன் கோத்தகிரிப் பக்கமாக நீலகிரியில் ஏறினார். அவருக்குப்பின் வந்த ஆங்கிலேயர் வெயிலுக்கு அஞ்சி உதகையில் வீடு கட்டினர். பின்னாளில் சென்னை மாகாண அரசே கோடைதோறும் தன் கோப்புகளை மூட்டை கட்டிக்கொண்டு உதகைக்கு வந்து சேர்ந்தது. நீலகிரியின் அண்மைக்கால வரலாற்றில் பெரும்பகுதி வெயிலுக்கு ஒதுங்கியவர்களின் வரலாறு என்றால் மிகையாகாது. யாம் ஈண்டுச் சொல்லப் புகுவது அதற்கு நேர் எதிரான ஒரு பயணம். மலையில் பிறந்து, மலையிலேயே ஓடிப் பழகி, வெயிலில் ஓடுவதற்கென்று கீழே இறங்கிய ஓர் இளைஞரைப் பற்றியது. அவரை அழைத்துச் சென்ற எம்மைப் பற்றியதுங்கூட.

எம் ஊர் குன்னூரை அடுத்த ஒரு தேயிலைத் தோட்டம். எம் அத்தா அத்தோட்டத்து அலுவலகத்தில் கணக்கெழுதினார். பள்ளிக்கூடம் மூன்று மைல் தொலைவு. மழைக்கும் மூடுபனிக்கும் அஞ்சி ஓடியே போவோம், ஓடியே வருவோம். அதனை அந்நாளில் எவரும் உடற்பயிற்சி என்று சொன்னதில்லை. பின்னர்ச் சமவெளியில் முப்பத்தோராண்டு தமிழ் கற்பித்து, ஓய்வு பெற்று, மீண்டும் மலையேறினோம். மருத்துவர் நடக்கச் சொன்னார். யாம் ஓடத் தொடங்கினோம். அறுபதைக் கடந்தவரின் ஓட்டத்தை ஓட்டம் என்பதா, நடை என்பதா என்னும் ஐயம் எம்முடன் ஓடிய இளைஞர்களுக்கு இருந்திருக்கும். மரியாதை கருதி அவர்கள் வாய் திறந்ததில்லை.

அவ்விளைஞர்கள் ஐந்தாறு பேர். காவலர் தேர்வுக்கு ஆயத்தமாகி வந்தவர்கள். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் கடக்க வேண்டும் என்னும் விதி அவர்களை நாள்தோறும் எழுப்பிவிட்டது. அவர்களுள் ஒருவர் மட்டும் விதிக்காக ஓடவில்லை; ஓட்டத்துக்காகவே ஓடினார். தோட்டத் தொழிலாளியின் மகன். 1964 ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம். கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக்கொண்டிருந்தார். பெயர் வேண்டா, தம்பி என்றே குறிப்போம்.

சமவெளியில் கோடையில் ஓடுவோர்க்கு எல்லாரும் சொல்லும் முதல் அறிவுரை, பொழுது புலருமுன் ஓடி முடித்துவிடு என்பது. மலையில் அவ்வறிவுரை செல்லாது. இருள் பிரியுமுன் தேயிலைத் தோட்டத்துச் சாலையில் ஓடப் புகுந்தால் காட்டெருமைக் கூட்டம் எதிரே நிற்கும். கரடி தேநீர்க் கடைப் பக்கம் வந்து போயிருக்கும். சிறுத்தையின் நடமாட்டமும் உண்டு. ஆகவே யாங்கள் நன்றாக வெளுத்த பின்னரே சிம்ஸ் பூங்காவின் பக்கமிருந்து புறப்படுவோம். லேம்ஸ் ராக் செல்லும் வழியில் சில்வர் ஓக் மரங்களின் நிழலும் வெயிலும் மாறி மாறி விழும். எட்டு மணியானாலும் முகத்தில் குளிர்ந்த காற்றே மோதும். குன்னூரின் உயரம் ஏறத்தாழ 1850 மீட்டர். மேட்டுப்பாளையத்தின் உயரம் 325 மீட்டர் அளவினது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. எனவே இரண்டு ஊர்களுக்கும் இடையே பத்து டிகிரி வேறுபாடு. பேருந்தில் இரண்டு மணி நேரத்துக்குள் கடந்துவிடும் தொலைவுதான்.

ஓட்டம் முடிந்து தேநீர் அருந்தும் வேளையில் யாம் அவர்களுக்கு ஒரு கதை சொல்வதுண்டு. 1968 ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகள் மெக்சிகோ நகரில் நடைபெற்றன. அந்நகரின் உயரம் 2240 மீட்டர். நம் உதகையின் உயரமும் அதுவே! அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும்; மூச்சுக்கு மூச்சு கிடைக்கும் உயிர்வளியும் அவ்வளவே. தாழ்நிலத்தில் உலக சாதனைகள் பல படைத்த ஆஸ்திரேலியரான ரான் கிளார்க், 10,000 மீட்டர் ஓட்டத்தின் முடிவில் நினைவிழந்து சரிந்தார். அதே ஓட்டத்தில் கென்யாவின் நஃப்தாலி தெமு முதலிடம் பெற்றார். 1500 மீட்டரில் கென்யாவின் கிப் கெய்னோ வென்றார். மாரத்தானில் எத்தியோப்பியாவின் மாமோ வோல்டே வென்றார். எல்லாரும் மலைநாட்டார்! "பார்த்தீர்களா, மலையில் ஓடியவனுக்குக் கீழே ஓடுவது விளையாட்டு" என்று யாம் முடிப்போம். கதையின் நிகழ்ச்சிகள் அனைத்தும் உண்மை. யாம் அதிலிருந்து எடுத்த முடிபுதான் தவறு. மெக்சிகோவில் மலைநாட்டார் வென்றது மலையில். கீழே இறங்கி வெயிலில் வென்றதை அக்கதை சொல்லவில்லை. தமிழாசிரியர்க்கு உரையெழுதும் பழக்கம் மிகுதி. மூலத்தில் இல்லாததையும் உரையில் சேர்த்துவிடுவர்.

2018 ஆம் ஆண்டு மே மாதத்தின் முதல் ஞாயிறன்று, சமவெளி நகரம் ஒன்றில் 10 கிலோமீட்டர் சாலையோட்டப் போட்டி நடைபெற்றது. தம்பிக்குக் குன்னூர்ச் சாலையில் அத்தொலைவு 41 நிமிடம். ஏற்ற இறக்கமுள்ள சாலையிலேயே 41 என்றால் சமதளத்தில் 38 என்று யாம் கணக்குப் போட்டோம். முதல் நாள் மாலை இருவரும் இறங்கினோம். வழிச்செலவுக்குப் பணம் கொடுக்க வந்த அவர்தம் அன்னையிடம், "நான் இருக்கிறேன் அம்மா" என்று சொல்லிப் பணத்தை மறுத்தோம்.

காலை ஆறு மணிக்கு ஓட்டம் என அறிவித்திருந்தனர். ஐந்தரைக்கே இளைஞர்கள் வரிசையில் நின்றனர். சிறப்பு விருந்தினர் வரவில்லை. ஆறரை ஆயிற்று, ஏழு ஆயிற்று. ஒலிபெருக்கி பாடிக்கொண்டே இருந்தது. நம் நாட்டில் சிறப்பு விருந்தினர் குறித்த நேரத்தில் வந்த விழாக்களை விரல்விட்டு எண்ணலாம். ஆயினும் பொன்னாடைக்காகக் காத்திருப்பது வேறு, ஓடுவதற்காகக் காத்திருப்பது வேறு. எட்டேகாலுக்கு அவர் வந்தார், பேசினார், கொடியசைத்தார். அப்போது மணி எட்டே முக்கால். அதற்குள் பிள்ளைகள் மூன்று மணி நேரம் திறந்தவெளியில் நின்று வியர்த்திருந்தனர். அப்போதே தம்பியின் தோளைத் தொட்டு, "வேண்டாம், வா போகலாம்" என்று யாம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. 38 நிமிடம் என்னும் எண் எம் தலைக்குள் இருந்தது.

வாடகை ஆட்டோவில் எட்டாவது கிலோமீட்டர் அருகே சென்று நின்றோம். முதல் ஆறு பேருள் ஒருவராய்த் தம்பி வந்தார். ஆனால் நேர்கோட்டில் வரவில்லை. கண்கள் எம்மைப் பார்த்தன, அடையாளம் காணவில்லை. கைகளில் மயிர்க்கூச்செறிந்திருந்தது. அந்த வெயிலில் அவர் "குளிருது" என்றார். கையைப் பிடித்து நிறுத்தி, "எங்கே இருக்கிறாய் தெரிகிறதா?" என்று கேட்டோம். "லேம்ஸ் ராக் வளைவு" என்றார். அடுத்த நொடி கால்கள் மடங்கின.

சாலையோரம் ஒரு சிறிய பள்ளிவாசல் இருந்தது. சத்தம் கேட்டு அதன் மோதினார் வெளியே ஓடி வந்தார். யாம் ஆம்புலன்சுக்குப் பேசுவதற்குக் கைப்பேசியைத் தடவிக்கொண்டிருந்தோம். அவர் எம்மைப் பொருட்படுத்தவில்லை. "தூக்குங்க, தூக்குங்க" என்று இருவரை அழைத்து, ஒளூச் செய்யும் நீர்த்தொட்டி அருகே தம்பியைக் கிடத்தி, சட்டையைக் கிழித்தெறிந்து, குவளை குவளையாக நீரை மொண்டு தலையிலும் மார்பிலும் ஊற்றத் தொடங்கினார். ஒருவரைத் துண்டால் விசிறச் சொன்னார். வண்டி வந்துவிட்டது, ஏற்றலாம் என்று யாம் பதறியபோது, "உடம்பு ஆறட்டும் ஐயா. சூட்டோட ஏத்தினா போற வழியிலேயே போயிரும். குவைத்துல பன்னெண்டு வருசம் கட்டட வேலை பார்த்தவன் நான், இதுல ரெண்டு பேரைப் பறிகொடுத்திருக்கோம்" என்றார். நினைவிழந்த வாயில் தண்ணீர் புகட்டப் போன ஒருவரையும் கையைத் தட்டித் தடுத்தார். ஏறத்தாழப் பத்து நிமிடம். பிறகுதான் ஏற்றவிட்டார்.

மருத்துவமனையில் நான்கு நாள். சிறுநீரகமும் ஈரலும் தப்பினவா என்று ஒவ்வொரு நாளும் இரத்தம் எடுத்துப் பார்த்தனர். தப்பின. அந்தப் பத்து நிமிட நீர்தான் பிள்ளையைக் காத்தது என்று பணியிலிருந்த மருத்துவர் கூறினார். உடலின் உள்வெப்பம் 40 டிகிரியைத் தாண்டி, அறிவும் தடுமாறினால் அது வெப்பத்தாக்கு. அந்நிலையில் முதலில் குளிர்வித்து, அதன்பின்னரே கொண்டுசெல்ல வேண்டும் என்பது இன்றைய மருத்துவத்தின் துணிபு. மோதினார் அதனை எந்த நூலிலும் படிக்கவில்லை. இரண்டாம் நாள் தம்பியின் அன்னை வந்து சேர்ந்தார். மகனைத் தொட்டுப் பார்த்துவிட்டு எம்மிடம், "உங்களை நம்பித்தானே சார் அனுப்பினேன்" என்றார். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எமக்குச் சற்று எளிதாக இருந்திருக்கும்.

மலைக்குத் திரும்பிய பின்னர்ப் படிக்கத் தொடங்கினோம். ஓய்வு பெற்ற வயதில் உடலியல் நூல்களுடன் அமர்ந்தது இன்றளவும் எமக்கே வியப்பாக உள்ளது. ஓடும்போது உடல் செலவிடும் ஆற்றலில் முக்கால் பங்குக்கு மேல் வெப்பமாகவே வெளிப்படுகிறதாம். அறுபது கிலோ எடையுள்ளவர் 10 கிலோமீட்டர் ஓடினால் ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும்; அதில் 450க்கு மேல் உடலுக்குள் எரியும் அடுப்பு. அதனை வெளியேற்ற வியர்வையே வழி. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் செல்லும். ஆவியானால் என்பதே இங்கு முதன்மை. சொட்டி விழும் வியர்வையால் பயனில்லை. காற்றில் ஈரப்பதம் மிகுந்த நாளில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போகும். உடல் நனையும், ஆறாது.

இனி எம் தவற்றின் வேர் எங்கிருந்தது என்று பார்த்தோம். வெயிலைத் தாங்கும் ஆற்றல் கால்களின் வலிமையைச் சார்ந்ததன்று. அஃது உடல் தனியே கற்க வேண்டிய ஒரு பாடம். நாள்தோறும் ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் வெப்பத்தில் இயங்கினால், முதல் நான்கைந்து நாளிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, நெஞ்சத் துடிப்பு அடங்குகிறது. பத்து முதல் பதினான்கு நாளுக்குள் வியர்வை முன்னதாகவே சுரக்கக் கற்கிறது, மிகுதியாகவும் சுரக்கிறது, அதில் உப்பும் குறைகிறது. வெப்பத்தை விட்டு விலகினால் சில வாரங்களில் கற்றது அனைத்தும் மறந்துபோகும். சமவெளிப் பிள்ளைகள் பங்குனி தொடங்கியே தாம் அறியாமல் இப்பாடத்தைப் படித்து வருகின்றனர். எம் மலைப்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமே இல்லை. குளிர்ந்த காற்று அவர்களுக்கு வேகத்தைத் தந்தது; அந்த வேகமே அவர்களை வெயிலில் எரித்தது. மெல்ல ஓடுபவரைவிட விரைந்து ஓடுபவருக்கே வெப்பத்தாக்கு விரைந்து நேர்கிறது.

அடுத்த ஆண்டே உலகம் இதனைத் தொலைக்காட்சியில் கண்டது. 2019 ஆம் ஆண்டு செப்டம்பரில் கத்தார் நாட்டின் தோகா நகரில் உலகத் தடகளப் போட்டிகள் நடைபெற்றன. வெயிலுக்கு அஞ்சி மகளிர் மாரத்தானை நள்ளிரவில் தொடங்கினர். ஆயினும் வெப்பம் 30 டிகிரிக்கு மேல். ஈரப்பதமோ 70 விழுக்காட்டுக்கு மேல். ஓடத் தொடங்கிய 68 பேரில் 28 பேர் ஓட்டத்தை முடிக்கவில்லை. மாமோ வோல்டேயின் எத்தியோப்பிய நாட்டிலிருந்து வந்த மூவரும் அந்த 28 பேருள் அடங்குவர். கென்யாவின் ரூத் செப்ங்கெட்டிச் வென்றார், அவரும் மலைநாட்டவர்தாம். வென்றவரின் நேரம் 2 மணி 32 நிமிடம் 43 நொடி. தம் வழக்கமான வேகத்தை விட்டுக்கொடுத்து அவர் பெற்ற வெற்றி அது. எம் மெக்சிகோக் கதைக்குப் பின்னிணைப்பாக இதனை இப்போது தவறாமல் சொல்லி வருகிறோம்.

முல்லையும் குறிஞ்சியும் வேனில் வெப்பத்தால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்னும் கருத்தைச் சிலப்பதிகாரத்தில் பலமுறை வகுப்பில் விளக்கியிருக்கிறோம். நிலத்தைப் பற்றிய கருத்தாகவே அன்று அது எமக்குத் தோன்றியது. 2024 ஏப்ரல் இறுதியில் உதகையில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது. சமவெளியார் இதற்குச் சிரிப்பர். மலையார்க்குச் சிரிப்பு வரவில்லை. மலை வெயிலுக்கு வேறொரு சூழ்ச்சியும் உண்டு. உயரம் ஏற ஏறப் புற ஊதாக் கதிர்களின் கடுமை ஆயிரம் மீட்டருக்குச் சுமார் பத்து விழுக்காடு கூடுகிறது. தோல் கருகும், ஆனால் குளிர்ந்த காற்றினால் சுடுவது தெரியாது. வியர்வை உடனுக்குடன் உலர்வதால் நீர் இழப்பும் தெரியாது. வீடு வந்தபின் தலைவலிதான் சொல்லும். கொழுந்து பறிக்கும் பெண்கள் தலைக்குத் துணி போட்டுக்கொண்டு, வேலைக்கு முன் நீராகாரம் குடித்துவிட்டுப் போவதை எம் இளமையில் நாள்தோறும் பார்த்தோம். பார்த்தோமேயன்றிப் படிக்கவில்லை.

குளிர்காலம் முழுதும் தம்பி ஓடவில்லை. மருத்துவர் சொன்னபடி சில மாதம் நடந்தார். 2019 மார்ச்சில் ஒருநாள் வந்து, "சார், அந்தப் போட்டி மறுபடி மே அஞ்சாம் தேதி. போகலாமா?" என்றார். யாம் மறுத்தோம். அவர் எம் மேசைமேல் கிடந்த குறிப்பேட்டைக் காட்டி, "இதெல்லாம் எதுக்குச் சார் எழுதி வச்சிருக்கீங்க?" என்றார். அவர்தம் அன்னையிடம் கேட்க வேண்டிய பொறுப்பு எம் தலையில் விழுந்தது. சென்று கேட்டோம். அவர் நெடுநேரம் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "எத்தனை நாள் முன்னாடி இறங்கணும்?" என்று மட்டும் கேட்டார்.

பதினான்கு நாள். மேட்டுப்பாளையத்தில் தம்பிக்கு அத்தை வீடு இருந்தது. அங்கே தங்கினார். முதல் மூன்று நாள் மாலை வெயிலில் நடை. பிறகு நடையும் ஓட்டமும். ஒரு வாரம் கழித்தே தொடர்ந்த ஓட்டம். வேகம் பார்க்கலாகாது என்று கடிகாரத்தை யாம் வாங்கி வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு நாளும் ஓடுமுன்னும் பின்னும் எடை பார்த்தார்; குறைந்த எடையே இழந்த நீரின் அளவு. அதற்கேற்ப உப்பிட்ட நீர்மோர், இளநீர், சில நாள் மருந்துக்கடை உப்புச் சர்க்கரைக் கரைசல். தாகம் மீறிக் குடிப்பதும் தீங்கே என்று வற்புறுத்தினோம். 2002 ஆம் ஆண்டுப் பாஸ்டன் மாரத்தானில் ஆராயப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினர்க்கு இரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. ஓட்டத்தினிடையே அளவுமீறி நீர் பருகியதே அதற்குப் பெருங்காரணம். ஒன்பதாம் நாள் தொலைபேசியில், "இப்பல்லாம் ஓட ஆரம்பிச்ச உடனே வேர்க்குது சார்" என்று தம்பி பெருமையோடு சொன்னார். வியர்ப்பதைப் பெருமையாகச் சொன்ன மாணவரை எம் பணிக்காலத்தில் கண்டதில்லை.

அவருடன் ஓடிய மற்றோர் இளைஞர், நோன்பு நாளில் என்ன செய்வது என்று கேட்டார். அவ்வாண்டு ரமளான் மே மாதத்தில் வந்தது. பகலில் ஓட்டம் வேண்டா. நோன்பு திறந்து, தொழுது, சிறிது உண்டு, இரவில் மெல்ல ஓடுக என்றோம். அம்மாதத்தில் வேகம் குறைந்தால் குறையட்டும். அவர் அவ்வாறே செய்தார். பெருநாளுக்குப் பின் இரு வாரத்தில் பழைய வேகம் திரும்பியது.

மே ஐந்தாம் நாள். சிறப்பு விருந்தினர் இம்முறை நாற்பது நிமிடமே தாமதித்தார், முன்னேற்றந்தான். காத்திருந்த நேரத்தில் தம்பி வரிசையில் நிற்கவில்லை. ஒரு வேப்பமரத்தடியில் ஈரத்துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு அமர்ந்திருந்தார். கொடியசைந்ததும் நூறு பேருக்குப் பின்னால் நின்று ஓடத் தொடங்கினார். யாம் அதே எட்டாவது கிலோமீட்டருக்குச் சென்றோம். பள்ளிவாசல் வாசலில் மோதினார் இரண்டு வாளி நீரும் குவளையும் வைத்துக்கொண்டு நின்றார். யாம் சொல்லி அனுப்பவில்லை. சுவரொட்டியைப் பார்த்து அவரே நாளை அறிந்திருந்தார். ஓடி வந்த பிள்ளைகள் தலையை நீட்ட நீட்ட ஊற்றிக்கொண்டிருந்தார்.

தம்பி வந்தார். எத்தனையாவதாக என்று எண்ணவில்லை. எப்படியும் முப்பதுக்கு மேல் இருக்கும். நேர்கோட்டில் வந்தார். தலையைக் குனிந்து ஒரு குவளை நீரை வாங்கிக்கொண்டு நகர்ந்தவரை எம்மால் விட முடியவில்லை. கூடவே நாலடி ஓடி, "எந்த ஊர் நீ?" என்று கத்திக் கேட்டோம்.

"குன்னூர் சார்" என்றார் அவர், நில்லாமலே. பத்தடி போனபின் திரும்பி, "நீங்க யாருன்னு சொல்லவே இல்லையே?" என்று சிரித்துவிட்டுப் போனார்.